யன்னலைப் பூட்டிய நகரம்: கொழும்பு வீடுகளுக்குள் காற்று வந்து போன கதை

வெள்ளவத்தையில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும். புரோக்கர் முதலில் சொல்வது எத்தனை அறை, எத்தனை பாத்ரூம், வாகனம் விட இடம் இருக்கா இல்லையா என்பது. அடுத்தது, "ரெண்டு அறைக்கும் ஏசி போட்டிருக்கு." காற்று எந்தப் பக்கத்தால வரும் என்று அவரும் சொல்ல மாட்டார், நாங்களும் கேட்க மாட்டோம். ஏசி இருந்தால் காற்றும் இருக்கு என்பதுதான் எங்கட கணக்கு.

அந்தக் கணக்குப் பிழை. சுவரில் மாட்டுகிற ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருக்கிற காற்றையே இழுத்து, குளிர்ந்த குழாய்ச் சுருளுக்கு மேலால் ஓடவிட்டு, திரும்ப அதே அறைக்குள் ஊதும். வெளியில தொங்குகிற பெட்டிக்கும் உள்ளே இருக்கிற பெட்டிக்கும் இடையில் ஓடுவது காற்று இல்லை, வெப்பத்தைச் சுமந்துகொண்டு போய் வெளியில் கொட்டுகிற குளிர்பதன வாயு. வெப்பம் வெளியேறும். நாங்கள் விட்ட மூச்சு வெளியேறாது.

குளிர்நாடுகளில் பல வீடுகளுக்கு ஒரு முழு ஏற்பாடு இருக்கு. ஒரே இயந்திரத் தொகுதியில் இருந்து கூரைக்குள்ளாலும் தரைக்குக் கீழாலும் காற்றுக் குழாய்கள் ஒவ்வொரு அறைக்கும் போகும். அது மூன்று வேலை செய்யும்: சூடாக்கும், குளிராக்கும், வெளியில இருந்து புதுக்காற்றை வடிகட்டி உள்ளே விடும். கொழும்பில் முதல் வேலைக்குத் தேவையே இல்லை. இரண்டாவதை நாங்கள் ஏசி கடையில் வாங்கிவிட்டோம். மூன்றாவது எங்கே போனது? ஒரு காலத்தில் அது இந்த நகரத்தில் இருந்தது, இயந்திரம் இல்லாமலே. சட்டமாகவும் இருந்தது. அது எப்படிக் கைவிட்டுப் போனது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முற்றம் செய்த வேலை

யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டைப் பார்த்தவர்கள் அதை அழகுக்காகக் கட்டினது என்று நினைப்பதுண்டு. நடுவில் திறந்த முற்றம், நாலு பக்கமும் விறாந்தை, அதைச் சுற்றி அறைகள். வெயில் ஏற ஏற முற்றத்துக் காற்று சூடாகி மேலே போகும். அந்த இடத்தை நிரப்ப அறைகளுக்குள்ளால் வேற காற்று வரும். வீடு தானாக மூச்சு விடும்.

கொழும்பிலும் இதே யோசனை வேறு உருவத்தில் இருந்தது. புறக்கோட்டை பிரின்ஸ் வீதியில் இருக்கிற டச்சு நூதனசாலை 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டப்பட்ட வீடு. முன்பக்கம் தெருவோடு ஒட்டி, தடித்த சுவர். உள்ளே போனால் பெரிய முற்றம். கொட்டாஞ்சேனைப் பழைய வீதிகளிலும் அகலம் குறைந்து நீளம் கூடிய காணிகளில், இரண்டு பக்கச் சுவரும் அடுத்த வீட்டோடு ஒட்டியிருந்தாலும், நடுவில் ஒரு துண்டு வானத்தை விட்டுக் கட்டின வீடுகள் இருந்தன. உயர்ந்த கூரை, இடைவெளிகளால் சூடு கசிகிற ஓடு, கதவுக்கு மேல் மரச்சட்டக் கண்ணறை. இரவில் கதவைப் பூட்டிப் படுத்தாலும் மேலால் காற்று ஓடும்.

இதில் பெருமைப்பட மட்டும் ஒன்றுமில்லை. முற்றம் வைக்கக் காணி வேண்டும். வெள்ளைக்காரத் துரைமாரின் சாப்பாட்டு மேசைக்கு மேல் பெரிய துணிப் பங்கா ஆடும்போது, கயிற்றின் மறுமுனையில் ஒரு கூலியாள் மணிக்கணக்காக இழுத்துக்கொண்டு இருந்தார். காற்றை ஆர் வாங்குவது, ஆர் அதற்கு வியர்ப்பது என்ற கேள்வி ஏசி வந்த பிறகு பிறந்ததல்ல.

பிளேக் கொண்டுவந்த சட்டம்

1914இல் கொழும்பில் பிளேக் வந்தது. புறக்கோட்டைப் பக்கம், அரிசி மூட்டைகளும் எலிகளும் மனிதர்களும் ஒரே கூரைக்குக் கீழே இருந்த இடங்களில் மரணங்கள் நடந்தன. செட்டியார் தெருவும் அதைச் சுற்றின ஒழுங்கைகளும் நகர ஆட்சியாளர்களின் கண்ணில் பட்டன. காலனி அரசு தொழிலாளர்களின் வீடுகளைப் பற்றி அக்கறைப்பட ஒரு கொள்ளைநோய் வேண்டியிருந்தது.

அடுத்த வருடமே, 1915இல், 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது. தெருவின் அகலம், கட்டடத்தின் உயரம், பின்பக்கம் விடவேண்டிய வெளி எல்லாவற்றையும் அது சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அதில் வருகிற ஒரு எண் இன்றைக்கும் இலங்கையில் நகரத் திட்டமிடல் படிக்கிற பிள்ளைகளுக்குப் பழக்கம்: 63½ பாகை.

இந்த எண்ணுக்குப் பின்னால் பம்பாய் இருக்கு. 1896இல் அங்கே பிளேக் வந்தது. 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் உருவானது. அதை நடத்தின ஜே. பி. ஓர் என்ற அதிகாரி, அறைகளுக்கு வெளிச்சமும் காற்றும் கிடைக்க ஒரு எளிய விதியை வலியுறுத்தினார். யன்னலுக்கு வெளியே இருக்கிற வெளியின் மறு ஓரத்தில் நின்று 63½ பாகையில் ஒரு கோடு போடுங்கள். கட்டடம் அந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது. ஏன் இந்த விசித்திரமான எண்? அந்தக் கோணத்தில் உயரம் அகலத்தின் இரண்டு மடங்காக வரும். 10 அடி வெளி விட்டால் 20 அடி உயரம் கட்டலாம். 40 அடி கட்ட ஆசையா, 20 அடி வெளியை விடு. மேசன்மாருக்கும் விளங்குகிற கணக்கு.

இதில் ஒரு முரணும் உண்டு. பிளேக் கெட்ட காற்றால் வருவதில்லை. எலியில் இருக்கிற தெள்ளுப்பூச்சியால் பரவுகிறது என்பது 1915க்கு முன்னமே தெரிந்த விஷயம். ஆனாலும் கெட்ட காற்றே நோய் என்ற பழைய நம்பிக்கை நகரச் சட்டங்களுக்குள் உறைந்து போயிருந்தது. காரணம் பாதி பிழையாக இருந்தாலும் பலன் சரியாக வந்தது. இருட்டும் நெரிசலும் காசநோய்க்கும் எலிக்கும் நல்ல இடம். வெளிச்சமும் காற்றும் வந்த வீட்டில் இரண்டுக்கும் வசதி குறைவு.

1921இல் ஸ்கொட்லாந்துக்காரரான பற்றிக் கெடிஸ் கொழும்புக்கான ஆரம்பத் திட்ட அறிக்கையை எழுதினார். மரமும் வெளியும் உள்ள தோட்ட நகரமாக அவர் கொழும்பைக் கற்பனை செய்தார். கறுவாத் தோட்டத்தில் அந்தக் கற்பனை நடந்தது. கொட்டாஞ்சேனையில் 'தோட்டம்' என்ற சொல்லுக்கு வேற அர்த்தம் வந்தது: ஒரு பொதுக் குழாயைச் சுற்றி, முதுகோடு முதுகு ஒட்டின லைன் அறைகள். சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான். வெளியை விடுகிறதற்குக் காணி இருந்தவர்களுக்குத்தான் அது வேலை செய்தது.

விசிறிக்கும் ஏசிக்கும் நடுவில்

1895இல் கொழும்பில் மின்சாரம் உற்பத்தியாகத் தொடங்கியது. பிறகு மெல்ல மெல்ல மின்விசிறி வந்தது, பங்கா இழுத்தவர்களின் வேலை போனது. விசிறி காற்றைக் குளிராக்குவதில்லை. தோலில் இருக்கிற வியர்வையை ஆவியாக்கி எங்களைக் குளிராக்கும். ஆனால் விசிறிக்கு யன்னல் திறந்திருக்க வேண்டும், பூட்டின அறையில் அது புழுக்கத்தைத்தான் சுழற்றும். அதனால் விசிறி வந்த பிறகும் வீடு கட்டுகிற முறை பெரிதாக மாறவில்லை.

ஏசி பிறந்தது மனிதருக்காக இல்லை. 1902இல் நியூயோர்க் புரூக்ளினில் ஒரு அச்சகம். ஈரப்பதன் ஏறி இறங்க, கடதாசி விரிந்து சுருங்கி, வர்ணங்கள் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தாமல் போயின. அதைச் சரிப்படுத்த வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியியலாளர் வடிவமைத்த இயந்திரம்தான் இன்றைய ஏசியின் மூதாதை. 'ஏர் கண்டிஷனிங்' என்ற பெயரை 1906இல் வைத்தவர் ஸ்டுவர்ட் கிறேமர், நெசவாலைகளுக்காக வேலை செய்தவர். அவர் அந்தச் சொல்லால் குறித்தது ஈரப்பதனையும் காற்றோட்டத்தையும் சேர்த்துக் கையாளுவதை. அதாவது அந்தப் பெயருக்குள் புதுக்காற்றும் இருந்தது. எங்கட வீட்டுச் சுவருக்கு வந்து சேரும்போது அந்தப் பாதி கழன்று போயிற்று.

கொழும்பில் இதற்கு மாற்றுவழி தேடினவர்களும் இருந்தார்கள். இலங்கையின் முதல் பெண் கட்டடக்கலைஞரான மினெட் டி சில்வா 1950களில் கிரகரிஸ் வீதியில் சேனாநாயக்க தொடர்மாடியைக் கட்டினார். தொடர்மாடி வீடு என்றாலும் காற்றும் தோட்டமும் மறக்கப்படக்கூடாது என்பது அவருடைய பிடிவாதம். 1960களின் தொடக்கத்தில் ஜெப்ரி பாவா, ஏனா டி சில்வாவுக்கு அல்பிரட் பிளேசில் கட்டின வீடு, சின்ன நகரக் காணிக்குள் பழைய முற்றத்தைத் திருப்பிக் கொண்டுவந்தது.

பாவாவின் இன்னொரு கட்டடம் இந்தக் கதைக்கு அதைவிட முக்கியம். 1970களின் கடைசியில் ஹைட் பார்க் கோர்னரில் அரச ஈட்டு வங்கிக்காக அவர் 12 மாடி வடிவமைத்தார். காற்று வருகிற திசைக்கு ஏற்ற ஒடுங்கிய வடிவம். மழையையும் கண்கூசும் வெயிலையும் தடுத்து, காற்றை மட்டும் உள்ளே விடுகிற சுவர். ஏசி இல்லாமல் வேலை செய்யக்கூடிய உயரக் கட்டடம் வெப்பநாட்டில் சாத்தியம் என்று காட்டுகிற முயற்சி. கட்டடம் மகாவலி அமைச்சின் கைக்குப் போனது. பிறகு அதற்குள் ஏசி பொருத்தப்பட்டது. இன்றைக்கு அந்த வழியால் பஸ்ஸில போகிறவர்களுக்கு அது இன்னொரு அரச அலுவலகம், அவ்வளவுதான்.

வெள்ளவத்தை எப்படி உயர்ந்தது

வெள்ளவத்தையின் அமைப்பே காற்றுக்கு வசதியானது. காலி வீதியில் இருந்து கடலைப் பார்த்து வரிசையாக ஒழுங்கைகள். பகலில் கடலில் இருந்து தரைக்குக் காற்று. மே தொடக்கம் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. ஒரு மாடி, இரண்டு மாடி வீடுகள் இருந்த காலத்தில் இந்தக் காற்று ரயில் பாதையைத் தாண்டிக் காலி வீதி மட்டும் வரும்.

1973இல் தொடர்மாடி உடைமைச் சட்டம் வந்தது. ஒரு கட்டடத்தின் ஒரு மாடித் துண்டைத் தனி உறுதியோடு வாங்க விற்க வழி கிடைத்தது. 1977க்குப் பிறகு பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது, இறக்குமதிச் சாமான்கள் கடைகளை நிரப்பின. 1983 ஜூலையில் வெள்ளவத்தையில் தமிழர் வீடுகள் எரிந்தன. நிறையப் பேர் கப்பலேறினார்கள், விமானம் ஏறினார்கள். ஆனால் அதற்குப் பிறகும், யுத்தம் முற்ற முற்ற, 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வுக்குப் பின்னும், வடக்கு கிழக்கில் இருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். விசாவுக்காக, பள்ளிக்கூடத்துக்காக, ஆஸ்பத்திரிக்காக, உயிருக்காக. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் லொட்ஜ்கள் நிரம்பின. வெளிநாட்டுக் காசு வந்து தொடர்மாடிகள் எழும்பின.

அந்த நேரத்தில் ஒருவரும் குறுக்குக் காற்றோட்டம் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருக்கவும் முடியாது. 2007 ஜூன் 7 அதிகாலை லொட்ஜ்களில் இருந்து 376 தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் மற்ற இடங்களுக்கும் அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. அப்படியான ஒரு நகரத்தில் வீடு என்றால் முதலில் முகவரி, பொலிஸ் பதிவு, உள்ளால் பூட்டக்கூடிய கதவு. யன்னல் அதற்குப் பிறகுதான்.

இப்படி வந்த கட்டடங்கள் நின்றுவிட்டன. யுத்தம் முடிந்த பிறகும் அதே வார்ப்பில் இன்னும் உயரமாக எழும்புகின்றன. ஒரு மாடியில் நாலு வீடு, நடுவில் லிப்ட். குசினிக்கும் பாத்ரூமுக்கும் காற்று என்று ஒரு ஒடுங்கிய குழி. அந்தக் குழிக்குள்தான் எல்லா வீட்டு ஏசியின் வெளிப்பெட்டியும் தொங்கும். என் அறை குளிர, மேல்வீட்டு அக்காவின் குசினி யன்னலுக்குச் சூடு போகும். அவ யன்னலைப் பூட்டுவா. பிறகு அவவும் ஒரு ஏசி வாங்குவா.

கனடாவில் நடந்த அதே தவறு

இதே தவறைக் கனடா எங்களுக்கு முன்னமே செய்தது, வேறு காரணத்துக்காக. ஸ்காபரோவில், மார்க்கத்தில் இருக்கிற மாமா சித்தப்பா வீடுகளுக்குப் போனவர்கள் தரையில் கம்பி போட்ட ஓட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். நிலவறையில் ஃபேர்னஸ் இருக்கும். குளிர்காலத்தில் அது சூடாக்கின காற்றும், வெயில்காலத்தில் அதே குழாய்களால் குளிர்க்காற்றும் வரும்.

1970களில் எண்ணெய் விலை ஏறியது. சூட்டை வீணாக்கக்கூடாது என்று வீடுகளை இறுக்கிக் கட்டினார்கள். முன்னம் சுவர் வெடிப்பாலும் யன்னல் ஓரத்தாலும் தானாக வந்த காற்று நின்றது. உள்ளே ஈரமும் மணமும் பூஞ்சணமும் தங்கின. அப்போதுதான் விளங்கியது: வெடிப்பை அடைத்தால், அது செய்த வேலையை வேறொன்று செய்யவேண்டும். 1977இல் றெஜைனா நகரில் கட்டின சஸ்காச்சுவான் கொன்சவேஷன் ஹவுஸ் என்ற பரிசோதனை வீட்டில் காற்று வெப்பமாற்றி வைத்தார்கள். வெளியே போகிற பழைய காற்றும் உள்ளே வருகிற புதுக்காற்றும் மெல்லிய தகடுகளின் இரண்டு பக்கத்தால் போகும். காற்றுகள் கலக்காது, சூடு மட்டும் கைமாறும். 1982இல் வந்த ஆர்-2000 வீட்டுத் தரம் இயந்திரக் காற்றோட்டத்தைக் கட்டாயமாக்கியது.

கொழும்புக்கு இதை அப்படியே தூக்கி வர முடியாது. இங்கே வெளிக்காற்று குளிராக இல்லை, ஈரமாக இருக்கு. அதை நேரே உள்ளே விட்டால் ஏசியின் பாதி வேலை தண்ணீரை வடிப்பதாகவே போகும். அதற்கு ஈரத்தையும் கைமாற்றுகிற வகை வெப்பமாற்றி தேவை. குழாய்களுக்கு நல்ல காப்புறை போடாவிட்டால் குளிர்ந்த குழாயின் வெளியில் தண்ணீர் பூத்து, கூரைப் பலகையில் கறுப்புப் பூஞ்சணம் பிடிக்கும். குழாயை மறைக்கக் கூரையில் ஒரு அடிக்கு மேல் இறக்க வேண்டும். 9 அடி உயர அறையில் அது தலைக்கு மேல் பாரம். ஹோட்டல்களிலும் பெரிய அலுவலகங்களிலும் இதெல்லாம் செய்கிறார்கள். வீட்டில் செய்வது கட்டும்போதே யோசித்தால்தான் நடக்கும்.

அங்கே யன்னலைப் பூட்டினார்கள், பிறகு அதற்குப் பதிலாக ஒன்றை வைத்தார்கள். நாங்களும் பூட்டினோம். பதிலாக ஒன்றும் வைக்கவில்லை.

மூச்சின் கணக்கு

1858இல் மியூனிக்கில் மக்ஸ் வொன் பெட்டென்கோஃபர் என்ற சுகாதார அறிஞர் ஒரு அளவு சொன்னார். அறைக் காற்றில் பத்து லட்சத்தில் 1000 பங்குக்கு மேல் காபனீரொட்சைட்டு இருந்தால் அந்த அறை நல்ல அறை இல்லை. அந்த வாயு அந்த அளவில் நஞ்சில்லை என்று அவருக்கும் தெரியும். ஆட்கள் விட்ட மூச்சு எவ்வளவு தேங்கியிருக்கு என்பதற்கு அது ஒரு அடையாளம். வெளிக்காற்றில் இப்போது ஏறத்தாழ 420 பங்கு. இரண்டு பேர் ஏசி போட்டு, எல்லாம் பூட்டிப் படுக்கிற அறையில் விடியும்போது 2000ஐத் தாண்டுவது சாதாரணம். காலையில் தலை பாரமாக எழும்புவதற்கு போன் மட்டும் காரணமில்லை.

கொவிட் காலத்தில், 2021 மார்ச்சில், உலக சுகாதார நிறுவனம் உள்ளகக் காற்றோட்டம் பற்றி ஒரு வழிகாட்டி வெளியிட்டது. வீட்டில் ஒரு ஆளுக்குச் செக்கனுக்கு 10 லீற்றர் புதுக்காற்று என்று அது சொன்னது. 10 அடிக்கு 12 அடி, 9 அடி உயர அறையில் இரண்டு பேர் என்றால், அறைக் காற்று முழுவதும் மணிக்கு இரண்டு தடவைக்கு மேல் மாறவேண்டும். பூட்டின ஸ்ப்ளிட் அறையில் அது நடக்காது.

பிறகு 2022 வந்தது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. ஏசியை நம்பிக் கட்டின வீடுகள் அவிச்சல் பெட்டியாக மாறின. அந்த ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் ஏறியது. சரி, யன்னலைத் திறந்துவிட்டால் எல்லாம் முடிந்ததா? அதுவும் இல்லை. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் நேரம் வந்த மாசுக்காற்றால் 9ஆம் திகதி நாடு முழுக்கப் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். காலி வீதிப் பக்கம் இருப்பவர்களுக்கு பஸ் புகை நாள்தோறும் உண்டு. வடிகட்டின புதுக்காற்று என்பது பணக்கார நாட்டு ஆடம்பரம் என்று இனிச் சொல்ல முடியாது.

கையில் இருக்கிற வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. படுக்கமுன் கால் மணித்தியாலம் எதிரெதிர் யன்னல்களைத் திறந்து விடுங்கள். பாத்ரூமில் வெளியே தள்ளுகிற விசிறி இருந்தால் அதை ஓடவிட்டு, அறை யன்னலை இரண்டு விரல் அகலம் நீக்கி வையுங்கள். வெளியே போகிற காற்றுக்குப் பதிலாகப் புதுக்காற்று தானாக வரும். கரண்ட் பில் கொஞ்சம் ஏறும். புதுவீடு பார்க்கப் போனால் புரோக்கரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: குறுக்கே திறக்க யன்னல் இருக்கா? ஏசியின் வெளிப்பெட்டி ஆற்ற யன்னலுக்கு முன்னால் தொங்குது?

மிச்சத்தை ஒரு ஆள் தனியாகச் செய்ய முடியாது. 12 மாடிக்கு அனுமதி கேட்டு வருகிற வரைபடத்தில் எத்தனை கார் நிற்கும் என்று கொழும்பு மாநகர சபையும் நகர அபிவிருத்தி அதிகார சபையும் எண்ணுகின்றன. எல்லா யன்னலையும் பூட்டினால் ஒவ்வொரு அறைக்கும் புதுக்காற்று எதால் வரும் என்பதற்கும் அந்த வரைபடத்திலேயே பதில் இருக்கவேண்டும். தோட்டங்களில் இருந்து எழுப்பி மாடிகளில் குடியேற்றப்பட்ட குடும்பங்களுக்குத்தான் அந்தக் கேள்வி எல்லாரையும் விட அவசரம். அவர்களுக்கு லைன் அறையில் இருந்தது ஒரு வாசல், அதில் கொஞ்சக் காற்று. மாடியில் கிடைத்தது நீண்ட இருட்டு நடைபாதையைப் பார்த்த கதவு. அவர்களில் கனபேருக்கு ஏசி வாங்கக் காசில்லை, பக்கத்து ஏசியின் சூடு மட்டும் இலவசமாக வரும். 63½ பாகை விதி எழுதப்பட்டதே அப்படிப்பட்ட அறைகளுக்காகத்தான்.